வீங்காத கை

குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு மெத்தையக்கா என்று பேர். மதியம் பன்னிரண்டரை ஆனதும் இருபத்திரண்டு சின்ன மெத்தைகளை வரிசையாக விரித்து, இருபத்திரண்டு பிள்ளைகளையும் தூங்க வைப்பது அவள் வேலை. யாருக்கு முதுகைத் தட்டினால் தூக்கம் வரும், யாருக்குக் காது மடலைத் தடவ வேண்டும், யாரைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகத் தூங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒன்பது வருஷமாகச் செய்கிற வேலை. காப்பகத்தை நடத்துகிற மேடம், புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோரிடம், "எங்க மெத்தையக்கா கை பட்டா கல்லும் தூங்கும்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

வீட்டில் அவளுக்கு அப்படி ஒரு செல்லப்பேர் கிடையாது. கல்யாணமாகி ஏழாம் மாதமே புருஷன் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டவள் என்பதை அம்மா மறந்ததும் இல்லை, அவளை மறக்க விட்டதும் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஓர் அறையில் தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்களுடைய நாலு வயது மகள். இன்னோர் அறையில் அம்மா. கூடத்து சோபா இவளுக்கு. மகளை எல்லோரும் சிட்டு என்று கூப்பிட்டார்கள். பாதி நாள் சிட்டு பெற்றவர்களை விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடிவந்து, அத்தையின் வயிற்றுக்கும் சோபாவின் முதுகுக்கும் நடுவே புகுந்துகொள்வாள்.

அந்தச் சிட்டுக்குத்தான் முதலில் வந்தது. ஆறு வாரமாகச் சாயங்காலக் காய்ச்சல். விட்டு விட்டு இருமல். கன்னத்துச் சதையெல்லாம் வற்றி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு டாக்டர்கள் சளி மருந்து கொடுத்து ஓய்ந்த பிறகு, மூன்றாவது டாக்டர் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு டிபி என்றார்.

மறு வாரம் நெஞ்சுநோய்ப் பிரிவிலிருந்து நர்ஸம்மா வீட்டுக்கே வந்தார். குள்ளமான பெண்மணி. பையிலிருந்து ஊசிகளை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டே பேசினார்.

"இவ்வளவு சின்னக் குழந்தைக்கு டிபி தானா வராது. கூட இருக்கிற பெரியவங்க யார்கிட்டயோ இருந்துதான் வந்திருக்கணும். யாரையும் குத்தம் சொல்ல வரல. கண்டுபிடிச்சா அவங்களையும் காப்பாத்தலாம், குழந்தைக்கு மறுபடி வராமலும் பாத்துக்கலாம். இன்னிக்கு எல்லாருக்கும் தோல்ல ஒரு ஊசி. மூணாம் நாள் வந்து பாப்பேன். அதோட எல்லாரும் நெஞ்சுப் படம் எடுக்கணும். எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுத்துக்கறது நல்லது. டிபி இருக்கிற வீட்டுல எல்லாருக்கும் சொல்றதுதான் இது."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த மாதிரிக் குடும்பம் இல்லம்மா இது."

"எந்த மாதிரிக் குடும்பத்துக்கும் ரத்தம் ஒண்ணுதாம்மா" என்றார் நர்ஸம்மா, தலை நிமிராமல்.

"வேலை முடிச்சிட்டு நானே போய் எடுத்துக்கறேன்" என்றான் தம்பி. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு வருஷமாகவே இருமிக்கொண்டிருந்தான். கேட்டால், லிஃப்ட் குழித் தூசி என்பான். அந்தக் குழிகளில் இருபது முப்பது வருஷத் தூசி அடைந்து கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் மேலே கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நர்ஸம்மா பால்பாயிண்ட் பேனாவும் கண்ணாடி ஸ்கேலுமாக வந்தார். முன்னங்கையைத் தடவி, மேடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட்டு அளந்தார். அம்மாவுக்கு ஐந்து மில்லிமீட்டர். தம்பி பெண்டாட்டிக்கு ஏழு. தம்பிக்கு ஒன்றுமே இல்லை. ஊசி குத்திய இடம் எதுவென்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மெத்தையக்காவின் கையில் பதினெட்டு. சிவந்து, தடித்து, உச்சியில் நீர் கோத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். சிட்டு மட்டும் எட்டிப் பார்த்து, "அத்தைக்கு எறும்பு கடிச்சிடுச்சு" என்றாள்.

நர்ஸம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கிருமி எப்போதோ உடம்புக்குள் போயிருக்கிறது, அதை ரத்தத்தில் இருக்கிற காவல்காரர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் ஊசி மருந்தைப் பார்த்ததும் ஓடிவந்து கூடிவிட்டார்கள், வீக்கம் என்றால் அவ்வளவுதான் என்றார். "வீங்கினா நோய்னு அர்த்தமில்ல. வீங்காட்டி நோய் இல்லேன்னும் அர்த்தமில்ல. படம் எடுத்தாத்தான் தெரியும்" என்றார். இரண்டு தரம் சொன்னார். ஆனால் அந்தக் கூடத்தில் கண்கள்தான் வேலை செய்தன. காதுகள் வேலை செய்யவில்லை.

அவர் படியிறங்கியதும் தம்பி பெண்டாட்டி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கண்டவங்க பிள்ளையோட மூக்கையெல்லாம் துடைச்சிட்டு வந்து, அதே கையால என் பிள்ளையத் தூக்கினா வராம என்ன செய்யும்? பெத்திருந்தா தெரியும் அண்ணி, பிள்ளையோட அருமை."

"நான் நாளைக்கே படம் எடுக்கறேன். அதுல தெரிஞ்சிடும்ல?"

"எதைத் தெரிஞ்சுக்கணும் இன்னும்? கைதான் சொல்லுதே!"

மறுநாளே அவள் படம் எடுத்தாள். நுரையீரல் சுத்தம். எச்.ஐ.வி. டெஸ்ட்டும் கொடுத்தாள். அதிலும் ஒன்றுமில்லை. இனிமேல் நோயாகாமல் இருக்க மாத்திரை எழுதிக்கொடுத்து, "இவரால் யாருக்கும் தொற்றாது" என்று சீலடித்த கடிதமும் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் அவளுடைய துணிகள் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மடித்தது அம்மா.

"கொஞ்ச நாளைக்குடி" என்றாள் அம்மா. "குழந்தை தேறற வரைக்கும். இவ வேற நீ இருந்தா நான் தாய்வீட்டுக்குப் போறேன்னு நிக்கறா. உன்னால இவன் குடும்பமும் உடையணுமா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மாவிடம் போகாமல் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டவன். அவன் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். "என் கைய நீயே பாத்தல்ல அக்கா. கண்ணாடி மாதிரி இருக்கு. அம்மாவுக்கும் இவளுக்கும் சும்மா கொஞ்சம். அப்புறம் வேற யாருன்னு நினைக்கறது? கோவிச்சுக்காத. குழந்தைக்காக."

அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். இரண்டாம் மாடியில் நின்று இருமினான். முதல் மாடியில் உட்கார்ந்தே விட்டான். பெட்டியை வாங்கிக்கொண்டு, "நீ மேல போ, மூச்சு வாங்குது உனக்கு" என்று அவள்தான் அவனைத் திருப்பி அனுப்பினாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தம்பி பெண்டாட்டி யாரிடமோ அழுதாள், அந்த யாரோ காப்பகத்தில் பிள்ளையை விட்டிருக்கிற இன்னொருத்தியிடம் சொன்னாள். இரண்டு வாரத்துக்குள் மேடம் அவளை அலுவலகத்துக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சர்டிபிகேட்டை நான் நம்பறேன். அப்பா அம்மாமாரு நம்ப மாட்டாங்களே! நேத்து மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. கொஞ்ச மாசம் ரெஸ்ட் எடுங்க."

"இந்த லெட்டரை நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க மேடம். எல்லாரும் படிக்கட்டும்."

"டிபின்னு எழுதின காகிதத்தைக் குழந்தைங்க இருக்கிற இடத்துல ஒட்டவா?" என்று மேடம் பதறிப்போனார்.

வழக்கமாக மெத்தை விரிக்கிற நேரம் வந்திருந்தது. இன்றைக்கு மட்டும் விரித்துவிட்டுப் போகிறேன் என்றாள் அவள். "வேண்டாம், வேற ஆள் பாத்துக்கும்" என்றார் மேடம். வெளியே வரும்போது யாரோ ஒரு வாண்டு, "மெத்தையக்கா" என்று கத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அது ஓடிவரும், அது ஓடிவந்தால் நாலு பேர் அதைப் பிடித்து இழுப்பார்கள் என்று பயந்தாள்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை ஒன்று கிடைத்தது. ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் வேலையும் கிடைத்தது. ஈரம் போன படுக்கை விரிப்புகளை எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று உதறி, நீள வாட்டில் மடித்து, அழுத்துகிற உருளைக்குள் விட வேண்டும். அங்கே யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. உருளையின் இரைச்சலில் கேட்டாலும் விளங்காது. தடுப்பு மாத்திரையை ஒரு நாள் தவறாமல் விழுங்கினாள். கையிலிருந்த வீக்கம் வடிந்து, காசளவு கறுப்புத் தழும்பு நின்றது. ராத்திரியில் வயிற்றோடு ஒட்டி யாரும் புகுந்துகொள்ளாத கட்டில் அவளுக்கு ரொம்ப அகலமாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. தம்பி வேலை செய்துகொண்டிருந்த குழிக்குள்ளேயே மயங்கி விழுந்துவிட்டானாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். "உன்னைத்தான் கேக்கறான். வந்து பாரு" என்றாள் அம்மா, நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்த மாதிரி.

தனி அறையில் போட்டிருந்தார்கள். முகத்தில் மறைப்பு கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கட்டிலில் கிடந்தவனை அவளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. தோள்பட்டை எலும்பில் ஆஸ்பத்திரிச் சட்டை மாட்டித் தொங்கியது. டிபி என்று அட்டையில் எழுதியிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கா?" என்றாள். "உன் கை வீங்கலியேடா?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு அக்கா."

அவள் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? "எப்போ தெரியும்?" என்றுதான் கேட்டாள்.

"மூணு வருஷமாச்சு. கொஞ்ச மாசம் மாத்திரை சாப்பிட்டேன். டப்பாவை யாராவது பாத்துடுவாங்கன்னு டூல்ஸ் பெட்டிக்குள்ள வச்சேன். ஒரு நாள் கூட வேலை செய்யறவன் கையில எடுத்து ஆட்டிப் பாத்து, இது என்னடான்னு கேட்டான். அதோட விட்டுட்டேன்."

"சிட்டு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. டாக்டர் சொல்லியே ஆகணும்ங்கறார்."

அவளுக்குள் ஒன்று மெள்ள மெள்ளக் கோத்துக்கொண்டு வந்தது. நர்ஸம்மா இரண்டு தரம் சொன்ன சொல்.

"அன்னிக்கு ஊசி போட்டாங்களே… உன் கை ஏன் வீங்கலேன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"தெரியுமாடா?"

"தெரியும்." கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போயிற்று. "முதல்ல போன கிளினிக்லயே டாக்டர் சொல்லியிருந்தார். டி செல்னு ரத்தத்துல இருக்காம். கிருமியைப் பாத்ததும் அதுதான் ஓடிவந்து கூடணும், கூடினாத்தான் கை வீங்கும். அதைத்தான் எச்.ஐ.வி. தின்னுடுதாம். உன்னை மாதிரி ஆளுங்களுக்கு டிபி உள்ள இருந்தாலும் கை வீங்காது, அந்த டெஸ்ட்டை நம்பாதேன்னு அன்னிக்கே சொன்னார்."

"தெரிஞ்சும் கண்ணாடி மாதிரி இருக்குன்னு என்கிட்டயே காட்டினியே!"

"பயமா இருந்துச்சு அக்கா. அதான் படம் எடுக்கப் போகவே இல்ல. எடுத்தா டிபி தெரியும். டிபி தெரிஞ்சா ரத்தம் எடுப்பாங்க. எல்லாமே வெளியில வந்துடும். அந்த நேரத்துல எல்லாரும் உன் கையைப் பாத்தாங்க. நான் சும்மா இருந்துட்டேன். அவ்வளவுதான்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஆனால் பாவம் செய்தவன் பக்கத்திலேயே நின்று, பழி சுமந்தவளின் பெட்டியையும் கொஞ்ச தூரம் தூக்கிக்கொடுத்ததை என்னவென்று சொல்வது? அவளுடைய கை, காவல்காரர்கள் விழித்திருந்த கை. வேலையை ஒழுங்காகச் செய்த கை. அதற்காகத்தான் அவள் வீட்டையும் வேலையையும் இழந்தாள். ஒன்றுமே செய்யத் திராணியில்லாத கைக்குச் சுத்தமான கை என்று பேர் கிடைத்தது. அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்க ஓர் இடம் இல்லை, எல்லாம் எலும்பு.

"அம்மாகிட்ட சொல்லிடாத அக்கா. தாங்க மாட்டாங்க."

"நான் மட்டும் தாங்குவேனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே வந்தாள். நடைபாதையின் கடைசியில், துடைப்பம் வைக்கிற மூலையில் நின்று, மறைப்பு நனையும்வரை அழுதாள்.

டிபி மருந்து ஆரம்பித்துப் பத்து நாளில் காய்ச்சல் அடங்கியது. இரண்டாம் வாரம் எச்.ஐ.வி. மாத்திரையும் தொடங்கினார்கள். அந்த வாரம்தான் அவன் பெண்டாட்டியிடம் சொன்னான். டாக்டர் கூடவே உட்கார்ந்திருந்தாராம். அவளுக்கும் சிட்டுவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். குழந்தைக்கு இல்லை. தாய்க்கு இருந்தது.

தம்பி பெண்டாட்டி வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழ, அம்மாவுக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் எழுந்தபோது மனசுக்குள் கணக்கை முடித்துவிட்டிருந்தாள். என் மகன் வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. இது வந்தது மருமகளால்தான். இவள் எங்கேயோ வாங்கி வந்து அவனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் வாரம், கழுத்தின் இரண்டு பக்கமும் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி கிளம்பியது. மறுபடியும் காய்ச்சல். தம்பி பெண்டாட்டிக்கு யாரைத் துணைக்குக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து முதல் தடவையாக நாத்தனாருக்குப் போன் செய்து, "அண்ணி, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இரண்டு பேருமாக அவனை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அதே நர்ஸம்மாதான் இருந்தார். டாக்டர் பார்த்து முடித்ததும் வெளியே வந்து சொன்னார். "பயப்படாதீங்க. நோய் முத்தல. மாத்திரை வேலை செய்யுது. இத்தனை நாள் காவல் இல்லாத வீட்டுல கிருமி பாட்டுக்குக் குடியிருந்துச்சு. இப்போ காவல்காரங்க திரும்பி வந்து, உள்ள யார் யார் இருக்காங்கன்னு பாத்துட்டு ஒரேயடியா அடிக்கறாங்க. அந்த ரகளைதான் இந்தக் காய்ச்சலும் வீக்கமும். சில பேருக்கு இப்படி ஆகும். வீக்கம் குறைய மருந்து தந்திருக்கோம். டிபி மாத்திரையையும் நிறுத்தாதீங்க, மத்ததையும் நிறுத்தாதீங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா மகனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"இவ கையால அந்த மாத்திரையைக் குடுத்த பிறகுதான் இப்படி வீங்குது. நோயையும் குடுத்துட்டு, இப்போ மருந்துங்கற பேர்ல உயிரையும் எடுக்கப் பாக்கறா."

"அத்தை, நர்ஸம்மா சொன்னாங்க…"

"வாயைத் திறக்காத! என் பிள்ளை எப்படி இருந்தான்? உன்னைக் கட்டினதுக்கு அப்புறம்தானே இந்தக் கதி? எவன்கிட்ட வாங்கினேடி?"

தம்பி பெண்டாட்டி புருஷனைப் பார்த்தாள். அவன் தலையணையில் சாய்ந்து, சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெத்தையக்கா கதவருகில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். இதே கூடத்தில், இதே அமைதியோடு அவன் ஒரு தரம் நின்றிருக்கிறான்.

அவளுக்கு ஒரு நொடி இனித்தது. பொய் சொல்வானேன், இனிக்கத்தான் செய்தது. "பெத்திருந்தா தெரியும்" என்று சொன்ன வாய் இப்போது பேச்சற்று நின்றது. நான் வாங்கியதில் பாதியாவது வாங்கட்டும் என்று நினைத்தாள். அதற்குள் சிட்டு ஓடிவந்து தாயின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

"தம்பி, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் திரும்பவில்லை.

"அம்மா, இவனுக்கு மூணு வருஷமாத் தெரியும். இவன் வாயாலயே என்கிட்ட சொன்னான். மாத்திரையை டூல்ஸ் பெட்டியில ஒளிச்சு வச்சு, அப்புறம் விட்டுட்டான். இவளுக்கு இவன்கிட்ட இருந்துதான் வந்திருக்கு. சிட்டு வயித்துல இருந்தப்போ இவளுக்கு ரத்தம் பாத்தாங்கல்ல? அந்த ஃபைல் அலமாரியிலதான் இருக்கு. அதுல இல்லேன்னு போட்டிருக்கு. எடுத்துப் பாருங்க."

"பொய்."

"குழந்தைக்கு டிபி வந்ததும் இவன்கிட்ட இருந்துதான். என் கை வீங்கினது எனக்கு ரத்தம் நல்லா இருந்ததால. இவன் கை வீங்காதது இவன் ரத்தத்துல காவலுக்கு ஆளில்லாததால. அது தெரிஞ்சேதான் என் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கீழ இறங்கினான்."

அம்மா மகனிடம் கேட்டாள். "என்னடா சொல்றா இவ?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், இன்னும் ஒரு பிடி சோறு தேடினான். "எனக்குத் தலை வலிக்குதும்மா" என்றான்.

அது போதுமாயிருந்தது அம்மாவுக்கு. "உடம்பு முடியாதவனை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து நாடகமாடறீங்களா? தன் வாழ்க்கையை வாழத் தெரியாதவ, தம்பி வாழ்க்கையையும் கெடுக்க வந்துட்டா. போடி வெளிய!"

"நான் வெளியதாம்மா நிக்கறேன்" என்றாள் அவள். உண்மையிலேயே அவள் வாசற்படியைத் தாண்டவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, சலவை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டுகிற சத்தம். சைக்கிள் கடைப் படிக்கட்டில் தம்பி பெண்டாட்டி, இடுப்பில் சிட்டு, காலடியில் ஒரு பெட்டி. அம்மா அவளுடைய தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துவைத்துவிட்டாளாம். குழந்தையையும் அவள் தொடக் கூடாதென்றாளாம். தாய்வீட்டில், சங்கதி கேட்டதிலிருந்து போனையே எடுப்பதில்லையாம்.

"அண்ணி, அன்னிக்கு நான் பேசினதெல்லாம்… என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் பெரிய விஷயம். காலையில வேலைக்குப் போற நேரத்துல முடியாது." அவள் சிட்டுவைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கனம் கூடியிருந்தது. "நீ பேசினது எனக்கு மறக்கல. மறக்கும்னும் தோணல. உள்ள வா. பால் காய்ச்சி வச்சிருக்கேன், குழந்தைக்குக் குடு."

இப்படித்தான் அவர்கள் ஒரே அறையில் இருக்க ஆரம்பித்தார்கள். பாசமலர் கதையொன்றும் இல்லை. பாத்திரம் கழுவுகிற முறையில் சண்டை வந்தது, ஜன்னலைத் திறப்பதிலும் மூடுவதிலும் சண்டை வந்தது. சில நாள் இரண்டு பேரும் சிட்டு வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். தம்பி பெண்டாட்டிக்குச் சலவைப் பிரிவிலேயே வேலை வாங்கிக்கொடுத்தாள். இப்போது விரிப்பின் ஒரு முனையை இவளும் மறுமுனையை அவளும் பிடித்து உதறினார்கள். சிட்டுவின் மருந்து முடிந்தது. இவளுடைய தடுப்பு மாத்திரையும் முடிந்தது. தம்பி பெண்டாட்டியின் மாத்திரை மட்டும் முடிகிற மாத்திரை இல்லை. தினமும் காலை ஏழரைக்கு, சிட்டு பார்க்காதபோது, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று விழுங்குவாள். ஒரு நாள் மெத்தையக்கா தண்ணீரை எடுத்து நீட்டி, "இந்தப் பக்கம் திரும்பி நின்னு சாப்பிடு. அவன் ஒளிச்சு வச்ச அழகு போதும்" என்றாள்.

வருஷம் திரும்பியதும் காப்பக மேடம் ஆள் அனுப்பினார். புது ஆள் தூங்க வைத்தால் பிள்ளைகள் தூங்குவதில்லையாம். அவள் போனாள்.

"அன்னிக்கு ஏன் என்னை அனுப்பினீங்க, அது தப்புன்னு பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்வீங்களா மேடம்?"

"அதான் எல்லாரும் மறந்துட்டாங்களே! எதுக்குக் கிளறணும்?"

"நான் மறக்கலியே" என்றாள் அவள். சுவரோரம் மெத்தைகள் தாறுமாறாக அடுக்கியிருந்தன. கை பரபரத்தது. அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

தம்பிக்குக் கழுத்துக் கட்டி வடிந்தது. காய்ச்சல் நின்றது. டி செல் எண்ணிக்கை நானூறைத் தாண்டிவிட்டதாம், டாக்டரே கை கொடுத்தாராம். அம்மா பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டதில் கன்னம் பளபளத்தது. வேலைக்கும் போகத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்க வருவான்.

அப்படி ஒரு ஞாயிறு, வந்தவன் உடனே கிளம்பாமல் உட்கார்ந்தான். "ரெண்டு பேரும் வீட்டுக்கே வந்துடுங்க அக்கா. அம்மாவுக்குக் கோவம் தணிஞ்சிடுச்சு. ஒரு வார்த்தை, தப்புன்னு சொன்னாப் போதும்ங்கறாங்க."

துணி மடித்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டியின் கை நின்றது. அவள் எழுந்து சமையல் மேடைப் பக்கம் போய்விட்டாள்.

"யார் தப்புன்னு சொல்லணும்?" என்று கேட்டாள் மெத்தையக்கா.

"நீங்க ரெண்டு பேரும்தான். ஒரு பேச்சுக்கு."

"நீ அம்மாகிட்ட உண்மையைச் சொன்னியா?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அவங்களுக்குப் பிரஷர் இருக்குல்ல அக்கா. எதுக்கு இப்போ?"

அவனையே பார்த்தாள். ரத்தத்தில் காணாமல் போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. மாத்திரை அதைச் செய்யும். மற்றதற்கு யாரும் மாத்திரை எழுதித் தருவதில்லை.

"சரி, குழந்தையைக் கூட்டிட்டுப் போ. ஆறு மணிக்குள்ள கொண்டுவந்து விட்டுடு. நாளைக்கு ஸ்கூல் இருக்கு."

அவன் சிட்டுவைத் தோளில் தூக்கிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். கொஞ்சமும் மூச்சு வாங்கவில்லை. கீழே சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"உங்க தம்பி நல்லா தேறிட்டாரும்மா!"

"ஆமாங்க" என்றாள் அவள். "அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். சமையல் மேடையருகில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள் அழுகிறாளா, வெங்காயம் நறுக்குகிறாளா என்று தெரியவில்லை. கேட்காமல், இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள்.